அக்கரையில் வண்டி இல்லை

நெடுந்தீவில் இருக்கும் எங்களுக்கு எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் காத்திருந்து அலுத்துத்தான் பழக்கம். அதனால்தான் அன்று அப்படியொரு பிழை விட்டோம்.

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்த என் கணவர், நெஞ்சைப் பிடித்தபடி முற்றத்தில் குந்திவிட்டார். தீவு ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஆனால் அவருடைய தம்பி தடுத்தார்.

"அங்க போனா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி, கையெழுத்து வைச்சு, பொழுது போயிடும் அண்ணி. என்ர வள்ளத்திலயே கொண்டு போவம்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அக்கரையில், குறிகட்டுவான் துறையில் இறங்கினால் வாடகைக்கு ஒரு வண்டியும் இல்லை. யாழ்ப்பாண பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்தார்.

"ஆஸ்பத்திரியில காட்டாமலோ வந்தனீங்கள்? அங்க துண்டு எழுதேக்கையே இஞ்ச அம்புலன்சுக்குச் சொல்லிப்போடுவினம். வள்ளம் வர முன்னமே அது வந்து நிக்கும், அக்கா."

அந்நேரம் நயினாதீவுக் கோயிலுக்குப் போய் வள்ளத்தில் திரும்பிய ஒரு குடும்பம், துறையில் விட்டிருந்த தங்கள் வான் வண்டியில் எங்களை ஏற்றிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது. அதனால் அவர் பிழைத்தார்.

கந்தோர்களில் காத்திருந்து மினக்கெடும்போது எனக்கு இப்போதும் கோபம் வரும். ஆனால் ஏசுவதற்கு முதல் மேசையில் இருப்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: "தம்பி, இந்தக் கையெழுத்தைப் பார்த்து அங்கால ஆர் என்ன செய்வினம்?"

பதில் வந்தால் கதிரையில் போய் இருந்து என் முறைக்குக் காத்திருப்பேன். பதில் தெரியாமல் முழிப்பவர்களோடுதான் என் சண்டை.