சுவரில் ஒன்பது புள்ளி

"ஸ்கேன் நார்மல்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் பிசியோதெரபி அறையில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். எனக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லுங்கள் என்று பாத்திமா மேடம் கேட்டார். மேடம்தான் அங்கே பிசியோ டாக்டர். நல்ல வேலை அது. ஞாயிற்றுக்கிழமை ஜோராகக் கோட்டை ஏறிவிட்டு, திங்கட்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களே எங்களுக்குப் பாதிக் கூட்டம். சிரித்துக்கொண்டே ஒத்தடம் கொடுப்பேன். சிரிப்பு வராத கதை கௌசல்யாவுடையது.

1. தூக்குச்சட்டி

ஒன்பதாம் வகுப்புப் பெண். கபடியில் எதிர்டீம் பெண்ணின் முட்டி இவள் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. ஸ்கேன் நார்மல். ஆனால் வெயிலைப் பார்த்தால் தலைவலி, பஸ் ஹாரன் கேட்டால் குமட்டல், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது. மேடம் அதற்குக் கன்கஷன் என்று பேர் சொன்னார், அடியில் மூளை குலுங்கிப்போவதாம்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்புறம் இன்னாத்துக்கு மேடம் வைத்தியம்?" என்றார் அவளுடைய அப்பா.

நான் குறுக்கே பேசினேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"தூக்குச்சட்டில கொயம்பு எடுத்துனு போற. கீழ வுட்டுட்ட. சட்டி நசுங்கல, ஒயுகல. அதுக்காக உள்ள கொயம்பு கலங்காம இருக்குமா?"

மேடம் சிரித்தார். பிறகு அப்பாவுக்கு விவரமாகச் சொன்னார். முதலில் ரெஸ்ட், அப்புறம் மெதுவாக நடை, அப்புறம் தலையைத் திருப்பும் பயிற்சி. தலைவலி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். "இது ஆறுறதுக்குள்ள தலையில இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து. நான் சொல்ற வரைக்கும் கபடி கிடையாது."

எண்ணுவது என் வேலை. பிள்ளை இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மேடம் இருபது நொடிக்கு வைத்த கடிகாரம் கூவுகிற வரைக்கும். கண் திறந்தால் ஒரு தப்பு. கை எடுத்தால் ஒரு தப்பு. கால் ஊன்றினால் ஒரு தப்பு. எனக்கு எண் எழுத வராது என்பதால், தப்புக்கு ஒரு புள்ளியாகச் சுவர்ப் பலகையில் சாக்பீஸால் வைப்பேன், கோலத்துக்கு வைக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசை.

முதல் வரிசை எட்டு. அடுத்தது அஞ்சு. எனக்கு ஒரே சந்தோஷம். அதற்கடுத்தது ஏழு, அப்புறம் ஒன்பது. குறைய வேண்டிய புள்ளி ஏறுகிறது.

"சாயந்திரத்துல எங்கடி போற?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "பி.டி. சார் சும்மா கிரவுண்டுல வந்து நில்லுன்னாரு ஆயா. நின்னேன். அப்புறம் ரெய்டு போகச் சொன்னாரு."



2. பாயிண்ட்

மறுநாள் அந்த பி.டி. சாரே அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை மேட்ச், பெண்ணை அனுப்பச் சொல்லி ஒரு லெட்டர் வேண்டுமாம். மேடம் மாடி வார்டில் இருந்தார். சார் பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? இது அஞ்சு, இது ஏழு, இது ஒம்பது. பாயிண்ட் ஏறிக்கினே போவுது. அதான் சொன்னேனே, ஸ்கேனே நார்மல்னு." போனில் படம் வேறு எடுத்துக்கொண்டார்.

அப்பாவும் சிரித்துவிட்டார். "அப்ப அனுப்பிடலாங்களா சார்?"

நான் வைத்த புள்ளி. நானே அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கபடிக் களத்தில் இறக்கிவிட்ட மாதிரி ஆயிற்று. சார் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல்.

"சார், செருப்பக் கயட்டு" என்றேன்.

"இன்னா ஆயா?"

"கயட்டு சார். ஒத்தக் கால்ல நில்லு. இடுப்புல கை, கண்ண மூடு."

விளையாட்டு வாத்தியார் இல்லையா, ரோஷமாக நின்றார். தொப்பை ஒரு பக்கம் இழுத்தது. ஒரு தடவை கால் ஊன்றினார், ஒரு தடவை கண் திறந்தார். கௌசல்யாவின் வரிசைக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தேன்.

"ரெண்டுதானா?" என்றார், குறைபட்டுக்கொண்டு.

"ரெண்டு தபா தடுமாறுன. கௌசல்யா ஒம்பது தபா. இது கபடி பாயிண்ட் இல்ல சார், தப்பு. நீ கிரவுண்டுல வுட்டு வுட்டு அஞ்ச ஒம்பதாக்கி வெச்சிருக்க. சனிக்கெயம இன்னொரு முட்டி பட்டா யாரு சார் வந்து எண்ணுறது?"

சார் செருப்பைத் தேடினார். அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் போட்டோவ அழிச்சிடுங்க. எம் பொண்ணு வராது."

மேடம் வந்ததும் லெட்டர் எழுதிக் கொடுத்தார், ஆடக்கூடாது என்று. சனிக்கிழமை டீம் தோற்றது. சார் என்னோடு பேசுவதில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதிலிருந்து, தலையில் அடிபட்டு எந்தப் பிள்ளை வந்தாலும், கூட வந்தவரை முதலில் ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன். அவர் புள்ளியை மேலே வைத்துவிட்டுத்தான் பிள்ளைக்கு வைப்பேன். எண்ணத் தெரிந்தால் போதாது, எது ஏறணும் எது இறங்கணும் என்று எதிரில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்துக் கௌசல்யா நின்றாள். கடிகாரம் கூவியது. கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, ஒண்ணுமே வெக்கல?"

"ஒண்ணுமே இல்லடி" என்றேன். சாக்பீஸ் என் கையில் அப்படியே இருந்தது.