நாலு நம்பரில் ஒரு சந்தா

கையுறை மாட்டிய இடது கையால் கணவரின் இடுப்பைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தபடி, வலது கையால் ஈர டயப்பரை உருவினாள் தையல்காரி. வால் எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். தோல் மெல்லிசாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அங்கிருந்த படுக்கைப்புண் ஆற நாலு மாதம் பிடித்திருந்தது. ஈரம் தங்கினால் மறுபடி திறந்துகொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த மனிதர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். ஒரு நாளைக்கு நாலு டயப்பர் வேண்டும். தெருமுனை மருந்துக்கடை விலை கட்டுப்படியாகாது. கைப்பேசி ஆப்பில் மாதச் சந்தா போட்டால் முதல் பெட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அடுத்த பெட்டிக்குக் கிடையாது. அதனால் பெட்டி ‘புறப்பட்டது’ என்று வந்ததுமே சந்தாவை ரத்து செய்வாள். மறுமாதம் வேறு நம்பரில் புதுச் சந்தா. மூன்று மாதம் சும்மா கிடந்த நம்பரை ஆப் மறுபடி புது ஆளாக எடுத்துக்கொள்ளும். அவள் நம்பர், அவர் நம்பர், நாத்தனார் நம்பர், நாத்தனார் வீட்டுக்காரர் நம்பர் என்று வண்டி ஓடியது.

நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, ஓடிபி வந்திருக்கு. இவரோட போன்ல வர்ற மெசேஜைப் பார்த்து ஆபீஸ்ல சிரிக்கிறாங்களாம், இந்த வயசுலயே டயப்பரான்னு.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நம்பரைச் சொல்லுடி.”

கட்டிலில் கிடந்தவருக்கு வாய் கோணினாலும் நக்கல் குறையவில்லை. “என் சந்தாவை எப்ப ரத்து பண்ணப்போற?”

“உங்களுக்கெல்லாம் தள்ளுபடி கிடையாது. பேசாம படுங்க.”

அந்த மாதம் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை கழுத்தை நெரித்தது. ரத்து செய்ய மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், பெட்டி ‘தயாராகிறது’ என்றிருக்கும்போதே ரத்தை அழுத்திவிட்டாள். பணம் கட்டிய பெட்டி வராமலா போகும் என்று நினைத்தாள். சந்தாவோடு பெட்டியும் போய்விட்டது. அடுத்த நம்பருக்கு மூன்று மாதம் நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதன்பின் பெட்டி வர இரண்டு நாள். வீட்டில் இருந்தது ஒன்பது டயப்பர்.

கால் மீட்டர் துணியில் கைக்குட்டையும் காலரும் தேற்றுகிறவள் அவள். ஒன்பதை ஏழு நாளுக்கு இழுக்கப் பார்த்தாள். அடியில் பழைய துணியை மடித்துப் போட்டாள். “ஈரமா இருக்குதாங்க?” என்று கேட்டாள். “ஒண்ணும் தெரியலயே” என்றார் அவர். விழுந்த நாளிலிருந்து ஈரமோ வலியோ அவருக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆறாம் நாள் பகலில் நர்ஸ் வந்தார். வாரம் ஒரு முறை வருகிறவர். திருப்பிப் போட்டதும் வாடை வந்தது. வால் எலும்பின் மேல் நாணயம் அளவுக்குக் கறுப்பு.

“ஏம்மா, ஒண்ணையே எத்தனை நேரம் வச்சிருந்தீங்க?”

“காலையில ஒண்ணு…”

“அப்புறம்?”

அவள் அடியில் கிடந்த துணியை உருவிச் சுருட்டினாள்.

“கடை தெருமுனையிலதானே இருக்கு? நாலு நாள் வாங்கிப் போட்டா என்ன முழுகிடும்?”

“அவளைத் திட்டாதீங்க நர்ஸம்மா,” என்றார் அவர். “நாந்தான் தெரியலன்னேன்.”

“உங்களுக்குத் தெரியாதுய்யா. அதனாலதான் இவங்க இருக்காங்க.”

அன்று மாலையே கடையில் முழு விலைக்கு இரண்டு கட்டு வாங்கி வந்தாள். முழு விலை கொடுத்தும் அந்தக் கறுப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். தையல்காரி கணவரின் தோளையும் முட்டியையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். செத்த சதை துண்டு துண்டாக வந்தது. கட்டை விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்தது. அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நர்ஸ் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைத் திணித்துக் கட்டினார். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் போடுங்க” என்றார். நர்ஸ் போனதும், அவள் கணவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணையைச் செருகி, துணி வெட்டும் சாக்கட்டியால் சுவரில் மணியை எழுதினாள்: ஒன்பது, இடது.