சந்தனம் வைத்த கணினி

ஆரப்பாளையத்தில் நானும் என் கூட்டாளியும் பிரவுசிங் சென்டர் நடத்தினோம். வெளிநாட்டிலிருந்த மதுரைக்காரர்கள் பேசிக்கொள்ள ஓர் இணைய மன்றமும் வைத்திருந்தோம். அதில் அதிகம் எழுதியவர் துபாயில் வேலை பார்த்த கூட்டாளியின் அண்ணன். அங்கேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். அதன்பிறகு கூட்டாளி கடையைத் திறந்ததும் அண்ணன் எழுதியதைத்தான் முதலில் படிப்பான்.

ஆயுத பூசை அன்று சாயங்காலம் மன்றத்தின் மென்பொருளைப் புதுப்பித்து முடித்தேன். இன்ஸ்டால் ஃபோல்டரை அழிப்பது மட்டும்தான் பாக்கி. அது கிடந்தால் எவன் வேண்டுமானாலும் புகுந்து மன்றத்தை முதலிலிருந்து நிறுவிவிடலாம். பழையது மொத்தமும் போய்விடும். அதற்குள் கூட்டாளி மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான்.

"ஒரு நிமிசம்டா, ஒரே ஒரு வேலை."

"பூசை போட்டாச்சு மாப்ள. இனி காலையிலதான் தொடணும்."

எரிச்சலோடு வீட்டுக்குப் போனேன். திருட்டுப்பயல்களுக்கு ஏது ஆயுத பூசை?

காலையில் திறந்தால் மன்றம் காலியாகக் கிடந்தது. மன்றத்துக்கு இணையத்தில் இடம் கொடுத்த ஹோஸ்டிங்காரர்கள் தினமும் ராத்திரி பழையதன் மேலேயே எடுக்கும் ஒரே நகலும், காலியானதற்குப் பின் எடுத்ததுதான்.

"அண்ணன் எழுதுனது அம்புட்டுமா?" என்று கேட்டான்.

மறு வருசப் பூசைக்கு எல்லாக் கணினிக்கும் பொட்டு வைத்தவன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்.

"இது முழிச்சிருக்கட்டும் மாப்ள."

அது காவல் காக்க எங்களிடம் அப்போது ஒன்றுமே இல்லை.