எத்தனை பேருக்கு என்று கேட்ட வகுப்பு

மீன் விற்கும் அந்தோனி சைக்கிளில் இருந்து இறங்காமலே சொன்னார்: "றோசலின் ரீச்சர் மோசம் போயிட்டா, சேர். மலேரியாக் காய்ச்சல். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாஸ் கேட்டுக்கொண்டு நிண்டவை." சோதனைச்சாவடியைத் தாண்டிப் போக அனுமதிக்கும் அந்தப் பாஸ் வருவதற்குள் ரீச்சர் போய்விட்டார். அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் பிள்ளைகளை விட்டவர்களும் இதை வாசிப்பீர்கள். ஆறுதலாக எழுத எனக்கு வரவில்லை. கோபம்தான் வருகிறது.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து தாயோடும் தங்கையோடும் இடம்பெயர்ந்து துணுக்காய்க்கு வந்தவர் அவர். தென்னோலைக் கிடுகால் வேய்ந்த எங்கள் கொட்டில் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குத் தொண்டராசிரியராகச் சேர்ந்தார். பக்கத்து வகுப்பு என்னுடையது. தொண்டர் என்றால் சம்பளம் இல்லை. என்றாவது நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கைதான். தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த அந்தக் குடும்பம் முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

கூட, குறைய, சமன். முதலாம் ஆண்டுக் கணக்கு இதில்தான் தொடங்கும். ரீச்சர் இதைப் பிள்ளைகளை எண்ண விடாமலே படிப்பித்தார். ஒரு பக்கம் சிரட்டைகள், மறுபக்கம் புளியங்கொட்டைகள். சிரட்டைக்கு ஒரு கொட்டையாகப் போடச் சொல்வார். எது மிஞ்சுகிறது என்று பிள்ளைகளே கத்துவார்கள். "எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் தனக்குக் குறைஞ்சது தெரியும், சேர். அதிலை இருந்துதான் தொடங்கவேணும்" என்பார்.

ஒருநாள் இலைக்கஞ்சி நேரத்தில் பெரிய சண்டை. உயரமான ரம்ளரில் வாங்கியவனுக்குத்தான் கூட என்று, தட்டில் வாங்கிய சின்னவள் அழுதாள். நானாக இருந்தால் இரண்டு பேரையும் ஓர் அதட்டு அதட்டியிருப்பேன். ரீச்சர் அதே மாதிரி இன்னொரு ரம்ளரை எடுத்து, தட்டுக் கஞ்சியை அதற்குள் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சமன். அழுதவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா ஊத்துங்கோ ரீச்சர்" என்றாள். ஊற்றி ஊற்றிக் கஞ்சி ஆறிப்போனது.

பிறகு, நியமனத்துக்கு ஆள் தெரிவுசெய்யக் கல்விக் கந்தோரில் இருந்து ஓர் அதிகாரி வகுப்புப் பார்க்க வந்தார். அவர் கரும்பலகையில் பெரிதாக ஒரு மூட்டையும் சிறிதாக ஒரு மூட்டையும் கீறி, "எதிலை அரிசி கூட?" என்று கேட்டார். செல்வராணி எழும்பினாள். மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறி, அங்கிருந்தும் ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை.

"எத்தன பேருக்கு, சார்?"

அதிகாரிக்கு விளங்கவில்லை. மற்றப் பிள்ளைகளும், "ஓம், எத்தினை பேருக்கு?" என்று சேர்ந்துகொண்டார்கள். நிவாரணக் கடை வரிசையில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நிவாரண அட்டையில் பெயர் ஏறாத சித்தி, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே மூட்டையில் சாப்பிட்ட வீடுகள். பெரிய மூட்டை சின்ன மூட்டைக்கு முதலே முடிந்துபோனதைக் கண்ணால் கண்டவர்கள்.

"என்ன ரீச்சர், உங்கடை பிள்ளையளுக்குப் பெரிசு சிறிசே தெரியேல்லை. பெரிய மூட்டையைக் காட்டச் சொல்லுங்கோ" என்றார் அதிகாரி.

சொல்லியிருந்தால் நியமனம் கையில். நான் வாசலில் நின்று கண்ணைக் காட்டினேன். ரீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "பிள்ளை கேட்டது சரி, சேர். நீங்கள் அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ" என்றார். அதிகாரியின் முகம் கறுத்தது.

நியமனங்கள் வந்தன. ரீச்சருக்கு வரவில்லை. "ஒரு சொல்லுத்தானே, சொல்லியிருக்கலாமே" என்று ஏசினேன். "அவள் தன்ரை பாட்டிலை யோசிச்சு எழும்பி நிண்டவள், சேர். நான் எப்பிடி அவளை இருத்துறது?" என்றுவிட்டு வகுப்புக்குப் போனார். கடைசி வரைக்கும் தொண்டராகவே இருந்தார்.

செத்தவீட்டுக்கு அதே அதிகாரி வந்தார். அவர் கொண்டுவந்த மலர்வளையத்தில் "ஆசிரியை" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைத் தர ரீச்சர் சாகும்வரை பொறுத்திருந்திருக்கிறார்கள். றோசலின் ரீச்சர் விட்டுப்போன இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று அதிகாரி உருக்கமாகப் பேசினார். சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை பிள்ளைக்கு ஒரு இடம் இருந்ததோ, ஐயா?"

ரீச்சரிடம் இருந்து எனக்கென்று இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். ஆறுதல் சொல்லி இதையும் யாரும் வாங்கிக்கொண்டு போகாதேயுங்கள்.