சாலையைப் பார்த்து நின்ற ஆமை

காலை ஐந்து ஐம்பது. பால் வாங்கத் தெருமுனைக்கு வந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கம் முதலில் தெரிந்தது ஒரு தலை. இரும்புத் தலை, வீட்டுக் கதவளவு. பக்கத்தில் ஒரு கிரேன் கிளம்பிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் மீதியும் தெரிந்தது. உடைத்த விசைப்படகுகளின் தகடு, நங்கூரச் சங்கிலி, புரொப்பல்லர் இலை எல்லாவற்றையும் பற்றவைத்துச் செய்த ஆமை. அதில் ஒரு புரொப்பல்லர் இங்குள்ள மீனவக் குப்பத்துப் படகினுடையது என்றார்கள். சரிபார்க்க முடியவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு எதிரே, சாலைக்கும் கடலோரப் பாறைகளுக்கும் நடுவே ஒரு மணல் திடல் உண்டு. குப்பத்தார் வலை உலர்த்துவதும் கிழிசல் தைப்பதும் அங்கேதான். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. ஆமையை அந்தத் திடலின் நடுவில் வைத்திருந்தார்கள்.

நான் ஆமைக்குக் கீழிருந்த மேடையைத்தான் அதிக நேரம் பார்த்தேன். பதினைந்து நாள் முன்பு அதைக் கட்டியபோது, உட்கார பெஞ்சு வரும் என்று சொன்னார்கள். ஆமையைவிட மேடை மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. திடலின் நான்கு மூலைகளிலும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள் நட்டிருந்தன. கல்வெட்டில் 'கடல் ஆமைகளைக் காப்போம்' என்று மட்டும் இருந்தது. வைத்தவர் பெயர் இல்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"ஆம கடலுக்குத்தான போவும்? இது இன்னா மாமு, ரோட்ட பாத்துகினு நிக்குது?" என்றார் வலை தைப்பவர். அந்தத் திடலில் முப்பது வருடமாக உட்காருகிறவர்.

"லாரி புடிச்சி ஊருக்குப் போவுதோ இன்னாவோ," என்றார் இன்னொருவர்.

மீன் கூடையோடு நின்ற பெண் சிரிக்கவில்லை. "ஆம கரையேறுனா முட்ட வைக்கத்தான் ஏறும். இது இன்னாத்த வைக்கப்போவுதோ."

பத்திரிகையில் வேலை பார்த்த பழக்கத்தில், யார் வைத்தது என்று இரண்டு அரசு அலுவலகங்களில் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், "வெள்ளிக்கிழமை திறப்பு விழா சார். மத்ததெல்லாம் மேல கேளுங்க," என்றார். மேலே என்றால் எங்கே என்று அவரும் சொல்லவில்லை.

இந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகுக்குப் பூசை போடும் நாளில் அதன் எதிரே கிழிந்த வலை கிடக்கக் கூடாது. பூசை முடிந்து அந்தி சாயும்வரை எல்லா வலையையும் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். ஆமையும் புதிதாகக் கரைக்கு வந்த பொருள்தானே. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே திடலைக் கூட்டிப் பெருக்கி, ஒரு மிதவைகூட இல்லாமல் துடைத்துவிட்டார்கள். ஆமைக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள்.

விழாவுக்கு வந்த புகைப்படக்காரர் ஆமையை ஒரு படம்தான் எடுத்தார். பிறகு ஒரு மூலைக்கல்லில் தொடங்கி அடுத்தடுத்த கல்லுக்கு நடந்து, வெறும் மணலைப் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "ரெக்கார்டுக்கு சார்."

வலை தைப்பவரிடம் போய், நாலு வலையையாவது உடனே கொண்டுவந்து விரிக்கச் சொன்னேன்.

"இன்னா சார் நீ, பேப்பர்ல இருந்ததுலேர்ந்து எல்லாத்துலயும் டவுட்டு. இன்னிக்கு ஒரு நாளு. பூசை போட்ட பொருளுக்கு எதுர கிழிஞ்சத விரிச்சா ஆவுமா? நாளிக்கு விரிச்சிக்கலாம்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் அவர்கள் விரித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. எனக்கே சந்தேகம் கொஞ்சம் தணிந்தது.

இரண்டு மாதம் கழித்து மேடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: திடலில் பொருள் வைப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். மனு கொடுக்கப் போனவர்களோடு நானும் போனேன். அதிகாரி கோப்பைத் திருப்பிக் காட்டினார். நான்கு படங்கள். அடியில் 'பயன்பாட்டில் இல்லாத காலி நிலம்' என்று தட்டச்சு செய்திருந்தது. எல்லாவற்றிலும் மணல் சுத்தமாக இருந்தது. துடைப்பத்தின் கோடுகள்கூடத் தெரிந்தன.

வலை தைப்பவர் படங்களை வரிசையாகப் பார்த்தார். "இது நம்ம பெருக்குனது சார்," என்றார் அதிகாரியிடம். "சாமிக்கோசரம் பெருக்குனோம்."

"எழுதிக் குடுங்க," என்றார் அதிகாரி.

எழுதிக் கொடுத்தோம்.

திடலைச் சுற்றி இப்போது கம்பி வேலி இருக்கிறது. வலைகளைச் சாலையோரத்தில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் விரித்துத் தைக்கிறார்கள்.