டேப் உரித்த தடம்

என் மகளின் மூச்சை அடைத்தவள் நான். அந்தப் பழியைச் சுமப்பவன் கபிலன். இரண்டு குளிர்காலமாக இது எனக்கு மட்டுமே தெரியும். இப்போது உங்களுக்கும்.

கபிலன் என் கணவரின் தம்பி. மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், முன்னறையில் எங்களோடு இருந்தான். டவுன்டவுனில் உணவகச் சமையலறை வேலை. சிகரெட் பிடிப்பான். அதை அவன் மறைத்ததில்லை. ஆனால் ஒருநாளும் வீட்டுக்குள் பிடித்ததில்லை. எவ்வளவு குளிரென்றாலும் பின்பால்கனியில் நின்றுதான்.

அப்போது ஆரணிக்கு எட்டு மாதம். அவளுக்கு அது முதல் குளிர்காலம். எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம்... ஜன்னல் இடுக்கில் கையை வைத்து வைத்துப் பார்ப்பேன். ஊசி நுழைவதுபோல் காற்று வரும். ஒரே சுவரைப் பத்துத் தரம் தொட்டுப் பார்ப்பவளை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

கபிலன்தான் ஜன்னலுக்கான பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்தான். சட்டத்தைச் சுற்றி ஒட்டி, என் ஹெயார் டிரையரால் சூடு காட்டினான். சுருங்கிக் கிடந்த தாள் கண்ணாடிபோல் இறுகியது.

"பாத்தீங்களே அண்ணி, வீட்டுக்குத் தலை காயவைச்சு விட்டிருக்கிறன். இனிப் பூ வைச்சு விடுறது உங்கட பாடு."

நான் சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்தது!

குளியலறைக் கூரையோரம் காற்று வெளியேற ஒரு துவாரம் உண்டு. அதன் தூசியைத் துடைத்து, சுற்றிவரப் புது வெள்ளைப் பெயின்ரும் அடித்துவிட்டுச் சொன்னான்:

"இதை மட்டும் மூடிப்போடாதேங்கோ அண்ணி. வீடு மூச்சு விட இது ஒண்டுதான் மிச்சம்."

"ஓம்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மூடினேன். ஆரணியைக் குளிப்பாட்டும்போது அந்தத் துவாரத்தால் இறங்கிய குளிர் அவளுடைய ஈர முதுகில் பட்டது. அவள் சிலிர்த்தாள். அவ்வளவுதான்... ஸ்டூலில் ஏறி, அட்டை ஒன்றை வைத்து, தடித்த சாம்பல் நிற டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டினேன். முன்னால் கொடியில் எப்போதும் காயும் ஆரணியின் உடுப்புகள் அதை மறைத்தன. நல்ல தாய் என்று அந்தக் கணம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்!

அதோடு சாம்பிராணி. "தலையிலை நீர் கோத்துப்போடும், புகை பிடிக்கிறனியோ?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும் பின்னேரங்களில், குளிப்பாட்டி முடிந்ததும் தட்டில் கரி மூட்டி, சாம்பிராணி தூவி, மடியில் பிள்ளையைக் கிடத்திப் புகை காட்டுவேன். சூடு போய்விடக் கூடாது, நடைவழியில் இருக்கும் புகை அலாரம் அலறிவிடக் கூடாது... அதனால் குளியலறைக் கதவையும் சாத்திக்கொள்வேன்.

நான் படித்தவள். கதவு சாத்தி, துவாரம் அடைத்த சிறிய அறையில் புகை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? என் கண்ணே எரிந்தது. அவள் இருமினாள். சளி என்று நினைத்து, இன்னும் இரண்டு சிட்டிகை தூவினேன். ஆம், இன்னும் தூவினேன்!

ஜனவரியில் ஒரு பின்னேரம், என் மடியிலேயே அவளுக்கு மூச்சு இழுத்தது. விலாவெலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம்...

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்: வீட்டில் யாராவது புகைபிடிப்பவர்கள் உண்டா? என் கணவருக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. அங்கே எங்கள் வாய் நான்தான்.

உண்டு, கணவரின் தம்பி, என்றேன்.

வேறு ஏதாவது புகை? ஊதுபத்தி, மெழுகுதிரி?

இல்லை, என்றேன்.

ஆரணியின் முகத்தில் மூச்சுக்கான மாஸ்க் இருந்தது. அவளைக் காப்பாற்ற முயன்றவரிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் செத்திருந்தால்? நாள்தோறும் கேட்கிறேன். பதில் தெரிந்தே கேட்கிறேன்.

மூன்றாம் நாள் வீடு திரும்பியதும் கோட்டைக் கழற்றுமுன் குளியலறைக்குள் ஓடி டேப்பை இழுத்தேன். புதுப் பெயின்ரும் பட்டையாகச் சேர்ந்து உரிந்து வந்தது. சாம்பிராணித் தட்டைப் பையில் சுற்றிக் குப்பையில் போட்டேன். வெளியே கணவரின் குரல் கேட்டது.

"டேய், உன்ரை சிகரெட்டாலைதான் இவ்வளவும்!"

"நான் வெளியிலை நிண்டுதானே அண்ணை பத்துறனான்."

"உடுப்போடை உள்ளுக்கு வருமாம். டொக்டரே சொல்லிப்போட்டார்."

கபிலன் "பிள்ளைதான் முக்கியம்" என்றான். நான் வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். என்னிடம்! அவன்... என்னிடம்!

அந்தக் கிழமையே நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறைக்குப் போனான். சிகரெட்டை விட்டுவிட்டான். ஆரணி தேறிவிட்டாள்; கடுங்குளிரில் மட்டும் மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப் வேண்டும். அந்தப் பம்பைக் காணும்போதெல்லாம் கபிலன் தலை குனிகிறான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு, குளிருக்கு முன்பாகப் பிளாஸ்டிக் தாளோடு மறுபடியும் வந்தான். ஜன்னல்களை முடித்துவிட்டு, துவாரத்தின் தூசியைத் துடைக்கக் குளியலறைக்குப் போனான். ஸ்டூலில் ஏறும் சத்தம் கேட்டது.

நான் வாசலில் போய் நின்றேன். துவாரத்தைச் சுற்றி, தான் பெயின்ர் அடித்த இடத்தில் சதுரமாக உரிந்திருந்த தடத்தை அவன் விரலால் தடவிக்கொண்டிருந்தான். மூலையில் கறுத்திருந்த பசையை நகத்தால் சுரண்டினான்.

"அண்ணி, இதை ஆரும் மூடினவையோ?"

இப்போது சொல், இப்போது சொல்... எனக்குள் ஒருத்தி கத்தினாள்.

"ஈரத்திலை உரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "ஓம் அண்ணி, ஈரம்தான்" என்று இறங்கினான்.

நடைவழியால் ஆரணி, "சித்தப்பா!" என்று கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"நில்லுங்கோ குஞ்சு, சித்தப்பா கை கழுவிப்போட்டு வாறன்."

அவன் கழுவினான். சோப் போட்டு, முழங்கைவரை, நெடுநேரம்... நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.