பச்சைப் பொத்தான் இருந்த இடம்

கனீஸ் பாத்திமா அக்கா பதினோரு வருடமாக அவர்கள் ஜமாஅத்தின் இணையதளத்தில் மரண அறிவிப்பு போடுகிறவர். இறந்தவர் யார், எந்தப் பள்ளிவாசலில் எத்தனை மணிக்கு ஜனாஸா தொழுகை, எங்கே அடக்கம். அன்றைக்கே அடக்கம் செய்வது வழக்கம் என்பதால் அறிவிப்பு பிந்தினால் ஆள் குறைந்துவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு ஓடி வருவார்.

அவர் வேலை பார்க்கும் அந்த உள்பக்கத் திரையைப் போன வருடம் மாற்றி வடிவமைத்தவன் நான். பழையது என் கண்ணுக்குக் கண்றாவியாக இருந்தது. கீழே வலது ஓரத்தில் இருந்த பச்சை ‘வெளியிடு’ பொத்தானை மேலே கொண்டுபோனேன். அந்த இடத்தில், அதே பச்சையில், ‘சேமி’ வைத்தேன்.

“தம்பி, அது அங்கயே இருக்கட்டுமே. அவசரத்துல கை தானா அங்கதான் போவுது.”

“ரெண்டு நாள்ல பழகிடும்க்கா” என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஐந்தாம் நாள் காலையில் அவருடைய அத்தா இறந்துபோனார். பெரிய மார்க்கெட்டில் நாற்பது வருடம் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். மகள் போடும் அறிவிப்பைப் பார்த்து, ஒரு ஜனாஸா விடாமல் போய் நின்றவர். அக்கா அழுதுகொண்டே அறிவிப்பை அடித்தார். கை பழைய இடத்துக்குப் போனது. ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததைக்கூடப் பார்க்காமல் அத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. சாயங்காலம் திரும்பி வந்த கணவர் மொய்னுதீனிடம் அக்கா முதலில் கேட்டது, எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான்.

“பதினெட்டு பேரு. மூணு வரிசையாவது நிக்கணும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துதான் பிரிச்சிப் பிரிச்சி நிக்க வெச்சாரு. மார்க்கெட் ஆளுங்க ஒருத்தரும் வரல.”

எட்டு நாள் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“தம்பி, அத்தாவோட அறிவிப்பு உள்ளாரயே கெடக்குது. இனிமே போட்டு என்னா ஆவப்போவுது. அழிக்க எனக்குக் கை வரல. நீங்களே அழிச்சிடுங்க.”

திறந்து பார்த்தேன். அந்த அழுகையிலும் ஒரு எழுத்துப் பிழை இல்லை. கடைசி வரியில், எல்லோருக்கும் போடுவதைப் போலவே, ‘அனைவரும் வந்து கலந்துகொள்ளவும்’ என்று எழுதியிருந்தார்.